ஒரே கட்டளையில் எத்தனை கூரைகள்?

ஜெர்மனியில் கூரைச் சூரிய மின்சாரம் பரவத் தொடங்கிய காலத்தில் ஒரு விதி இருந்தது. மின்தொகுப்பின் அதிர்வெண் 50.2 ஹெர்ட்ஸைத் தாண்டினால், பலகைகளின் மின்சாரத்தைத் தொகுப்புக்கு ஏற்ப மாற்றித்தரும் இன்வர்ட்டர் உடனே தன்னைத் துண்டித்துக்கொள்ள வேண்டும். கூரைகள் சில ஆயிரமாக இருந்தவரை இதனால் தொல்லை இல்லை. அவை லட்சக்கணக்கில் பெருகிய பிறகுதான், அதிர்வெண் அந்தக் கோட்டைத் தொட்ட மறுகணம் பல ஆயிரம் மெகாவாட் ஒருசேரக் காணாமல் போகும் என்பது உறைத்தது. 2012-இல் இதற்கென்றே ஓர் ஆணை பிறப்பித்து, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு ஆள் அனுப்பி, ஒவ்வொன்றாக அமைப்பை மாற்றினார்கள். வருடக்கணக்கில் இழுத்த வேலை அது. 2015-இல் ஹவாயின் ஓவாஹு தீவிலும் ஏறக்குறைய இதே வகைச் சிக்கல் வந்தது. அங்கே என்ஃபேஸ் நிறுவனத்தின் சுமார் 8 லட்சம் மைக்ரோ இன்வர்ட்டர்களின் அமைப்பு ஒரே நாளில் மாற்றப்பட்டது. ஒருவரும் ஏணி ஏறவில்லை. அதைச் சாத்தியமாக்கியது, ஒவ்வொரு வீட்டிலும் இன்வர்ட்டருக்கும் இணையத்துக்கும் நடுவே இருந்த ஒரு சிறு பெட்டி. துறையில் அதை கேட்வே என்கிறார்கள்.

ஒரு நாளில் எட்டு லட்சம் சாதனங்களைத் திருத்த முடிகிறதென்றால், ஒரு நாளில் எட்டு லட்சம் சாதனங்களைக் கெடுக்கவும் முடியும். இது எளிய உண்மைதான். ஆனால் கேட்வே பாதுகாப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் வேறு இடங்களில் சுற்றுகிறது: கடவுச்சொல் வலுவாக இருக்கிறதா, தரவு மறையாக்கம் செய்யப்படுகிறதா, பெட்டி எந்த நாட்டில் தயாரானது. இவையெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளே. இவற்றுக்கும் முன்னால் வரவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒருவர் ஒரே கட்டளையில் எத்தனை சாதனங்களை, எவ்வளவு வேகத்தில் அசைக்க முடியும்? இதற்கு ஒரு வரம்பு வைக்காதவரை மற்ற காவல்கள் எத்தனை போட்டாலும் அவற்றில் ஒன்று தவறும் நாளில் எல்லாமே தவறும் என்பது என் வாதம். கேட்வேயை ஒரு செல்போன் செயலியின் துணைப்பொருளாக நினைக்காமல், மின்தொகுப்பின் உறுப்பாக நினைத்து நிர்வகிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பெரிய நிலையங்களில் அது மின்பேனலுக்குள் மாட்டிய தொழிற்சாலைத் தரச் சாதனம். வீடுகளில் இன்வர்ட்டரின் அடியில் செருகியிருக்கும் வைஃபை டாங்கிள். உருவம் எதுவானாலும் வேலை ஒன்றே. ஒரு பக்கம் ஆர்எஸ்-485 என்ற இரட்டைக் கம்பி வழியாக இன்வர்ட்டரிடம், இன்ன ரெஜிஸ்டரில் இப்போது என்ன எண் இருக்கிறது என்று மோட்பஸ் மொழியில் கேட்கிறது. மோட்பஸ் 1979-இல் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காகப் பிறந்தது. கேட்பவர் யார் என்று விசாரிக்கும் வழக்கம் அதற்கு இல்லை. கம்பியில் வந்து யார் கேட்டாலும் சொல்லும், எழுதச் சொன்னால் எழுதிக்கொள்ளும். மறுபக்கம் அந்த எண்களைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை மூட்டை கட்டி இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புகிறது. வீட்டுக்காரர் செல்போனில் பார்ப்பது இன்று எத்தனை யூனிட் என்ற வரைபடத்தை மட்டும்தான். அதே பாதையில் எதிர்த்திசையில் ‘உற்பத்தியைப் பாதியாகக் குறை’, ‘நிறுத்து’, ‘இந்த ஃபர்ம்வேரை ஏற்றிக்கொள்’ என்ற கட்டளைகளும் வர முடியும் என்பது அவருக்குத் தெரிவதில்லை. விற்பவரும் அதைச் சொல்லி விற்பதில்லை. பல இடங்களில் பொருத்தித் தந்த நிறுவனமே தன் ஒரே கணக்கின் கீழ் எத்தனையோ வீடுகளை வரிசையாக வைத்திருக்கும். அந்த ஒரு கணக்கின் கடவுச்சொல் கசிந்தால் அத்தனை கூரைகளும் சேர்ந்தே கசியும்.

நிர்வாகம் என்ற சொல்லுக்குள் இருக்கும் வேலைகள் பகட்டில்லாதவை. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி அடையாளச் சான்றிதழ் தரவேண்டும், அது காலாவதியாகும் முன் புதுப்பிக்க வேண்டும். பெட்டியின் கடிகாரம் சரியாக ஓட வேண்டும். காப்பு பேட்டரி தீர்ந்த பெட்டி ஒன்று நீண்ட மின்வெட்டுக்குப் பின் விழித்தால் அதன் நாட்காட்டி 1970-க்குப் போயிருக்கும். சர்வரின் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று முடிவு கட்டி, பேச மறுத்துவிடும். ஃபர்ம்வேர், அதாவது பெட்டியை இயக்கும் உள்மென்பொருள், ஏற்றுவதிலும் ஒரு முறை இருக்கிறது. நல்ல பெட்டியில் நினைவகம் இரண்டு பாகமாக இருக்கும். ஒன்றில் பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் புதியது இறங்கும். கையொப்பம் சரிபார்த்த பிறகே மாறும். மாறியபின் குறித்த நேரத்துக்குள் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் தானே பழையதற்குத் திரும்பும். மலிவான டாங்கிளில் ஒரே பாகம்தான். பாதியில் மின்சாரம் போனால் அது பிளாஸ்டிக் துண்டு. வீட்டில் வைஃபை கடவுச்சொல்லை மாற்றினால் டாங்கிள் ஊமையாகும். 2022-இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்கள் 3ஜி சேவையை மூடியபோது, அந்தச் சேவையின் மோடத்தை நம்பியிருந்த சூரிய நிலையங்கள் கண்காணிப்பை இழந்தன. கூரையில் உள்ள பலகைகளுக்கு ஆயுள் 25 வருடம். அவற்றைப் பேச வைக்கும் தொழில்நுட்பம் அதில் பாதிக்காவது தாங்குமா என்பது சந்தேகம்.

எதிரிகள் இந்தப் பெட்டியின் மதிப்பை நம்மைவிட முன்பே புரிந்துகொண்டார்கள். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களின் வலையமைப்பில் நுழைந்தவர்கள், துணை மின்நிலையங்களின் பிரேக்கர்களைத் தொலைவிலிருந்தே திறந்தார்கள். சுமார் 2,25,000 நுகர்வோருக்கு மின்சாரம் போனது. செய்திகளில் அதிகம் பேசப்படாத அடுத்த அடிதான் நமக்கு முக்கியம். பழைய சீரியல் கம்பியையும் ஈதர்நெட்டையும் இணைக்கும் சிறு மாற்றிகளின் ஃபர்ம்வேரை அவர்கள் அழித்தெழுதினார்கள். கட்டுப்பாட்டறையில் இருந்து திரும்ப மூடச் சொல்லும் வழியே இல்லாமல் போக, ஊழியர்கள் வண்டி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நிலையமாகப் போய்க் கையால் மூடினார்கள். பத்து வருடம் கழித்து, 2025 டிசம்பர் இறுதியில், போலந்தில் 30-க்கும் மேற்பட்ட காற்றாலை, சூரிய நிலையங்களைக் குறிவைத்தவர்களும் இதே வகைப் பெட்டிகளில்தான் கை வைத்தார்கள். தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டதும், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத நுழைவாயில்களும் அவர்களுக்கு வழிவிட்டன. நிலையங்களுக்கும் விநியோக நிறுவனத்துக்கும் இடையேயான தொடர்பு அறுந்தது. மின் உற்பத்தி நிற்கவில்லை. இந்தக் கடைசி விவரத்துக்கு மறுபடி வருவேன்.

எதிரி இல்லாமலும் ஒரே கட்டளை பெருஞ்சேதம் செய்யும். 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி அன்று உத்தரப் பிரதேசத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் ஸ்மார்ட் மீட்டர்கள் தாமாகவே மின்சாரத்தைத் துண்டித்துக்கொண்டன. அமைப்பிலிருந்து போன ஒரு தவறான கட்டளை அதற்குக் காரணம் என்று பிறகு தெரிந்தது. ஊடுருவல் இல்லை, வைரஸ் இல்லை. கட்டளை முறையான இடத்திலிருந்து, முறையான சாவியுடன், முறையான பாதையில் வந்தது. மறையாக்கமும் சான்றிதழும் இங்கே செய்ய ஒன்றுமே இல்லை. அவை தங்கள் வேலையைச் சரியாகவே செய்தன. அந்தக் கட்டளையை முதலில் நூறு மீட்டருக்கு அனுப்பி, பத்து நிமிடம் பொறுத்து, புகார் வருகிறதா என்று பார்த்து, பிறகு ஆயிரத்துக்குப் போகும் ஏற்பாடு இருந்திருந்தால் நூறு வீடுகளோடு முடிந்திருக்கும். 2024 ஜூலையில் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஒரு பழுதான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்து விமானங்களைத் தரையில் நிறுத்தியதிலும் இதே குறைதான்.

சாவிகள் எப்படிப் புழங்குகின்றன என்பதற்கு நெதர்லாந்திலிருந்து ஒரு சாட்சி. சோலார்மேன் என்ற சீனக் கண்காணிப்புத் தளத்தின் உச்ச நிர்வாகிக் கணக்குக்கான கடவுச்சொல் கிட்ஹப் தளத்தில் எல்லோர் கண்ணுக்கும் படும்படி கிடந்ததை அந்நாட்டுத் தன்னார்வப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்து, 2022-இல் வெளியிட்டார்கள். அந்த ஒரு கணக்கின் கீழ் உலகெங்கும் ஏறத்தாழ பத்து லட்சம் நிலையங்கள் இருந்தன. 2024-இல் பிட்டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதே தளத்தில் வேறொரு ஓட்டையைக் காட்டினார்கள், அது அடைக்கப்பட்டது. தளத்தின் பெயரைவிட அந்த எண்ணிக்கைதான் கவனிக்க வேண்டியது. ஒரு கடவுச்சொல் பத்து லட்சம் கூரைகளைத் திறக்கும் ஏற்பாட்டை ஒரு வடிவமைப்பாளர் வரைந்தார், ஒரு மேலாளர் ஒப்புக்கொண்டார், பல நாடுகள் வாங்கிப் பொருத்தின.

இந்த இடத்தில் மின்பொறியாளர்கள் சிலர் சிரிப்பார்கள். ஒரு வீட்டு இன்வர்ட்டர் 3 கிலோவாட். பெரிய அனல் மின் அலகு ஒன்றே 800 மெகாவாட். கொசுவைப் பார்த்துப் பயப்படலாமா என்பார்கள். கணக்குப் போடலாம். ஐரோப்பியக் கண்டத்தின் மின்தொகுப்பு, திடீரென 3,000 மெகாவாட் உற்பத்தி இழந்தாலும் நிலைகுலையாமல் இருக்கும்படி அவசரக் கையிருப்பு வைத்திருக்கிறது. 3 கிலோவாட் வீதம் பத்து லட்சம் வீடுகள் சேர்ந்தால் அதே 3,000 மெகாவாட். மேலே சொன்ன ஒற்றைக் கடவுச்சொல்லின் கீழ் இருந்த எண்ணிக்கையும் அதுதான். எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் வெயில் உச்சத்தில் இருக்காது, எல்லாம் ஒரே நாட்டிலும் இல்லை. ஆகவே இதை அப்படியே ஆபத்தின் அளவாகக் கொள்ள முடியாது. ஆனால் அனல் மின் அலகுக்கு வேலி, காவலாளி, கட்டுப்பாட்டறை, தொகுப்பு இயக்குநரின் நேரடித் தொலைபேசி எல்லாம் இருக்கின்றன. 3,000 மெகாவாட்டைத் தொடும் கண்காணிப்புத் தளத்துக்குப் பல நாடுகளில் எந்த மின் ஒழுங்குமுறை ஆணையமும் பொறுப்பேற்கவில்லை.

அப்படியானால் கம்பியைப் பிடுங்கிவிடலாமே என்பது அடுத்த ஆட்சேபம். நேர்மையான ஆட்சேபம், தனி வீட்டுக்குப் பொருந்தவும் பொருந்தும். மின்தொகுப்புக்குப் பொருந்தாது. நண்பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சி வழியும் இடங்களில் உற்பத்தியைக் குறைக்கவும், மாலையில் பேட்டரிகளைத் திருப்பிவிடவும், பழைய விதி தவறென்று தெரிந்தால் திருத்தவும் வழி வேண்டும். ஜெர்மனி வீடு வீடாக ஆள் அனுப்பியது அந்த வழி இல்லாததால்தான். தொடர்பும் வேண்டும், தொடர்பு போனால் சாதனம் தன்பாட்டுக்கு ஓடவும் வேண்டும். 2022 பிப்ரவரி 24 அன்று, ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்த அதே காலையில், வயாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் மோடங்கள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டன. அதன் சிதறல் ஜெர்மனியில் விழுந்தது: எனர்கான் நிறுவனத்தின் 5,800 காற்றாலைகள், சுமார் 11 கிகாவாட், கண்காணிப்பு இல்லாமல் போயின. ஆனால் ஒன்றும் நிற்கவில்லை. அவற்றின் கட்டுப்பாடு கோபுரத்துக்குள்ளேயே இருந்தது. மேகத்தை, அதாவது இணையத்தில் எங்கோ இருக்கும் சர்வரை, கேட்டுச் சுழலும் இயந்திரங்கள் அல்ல அவை. பெட்டி செத்தாலும் இயந்திரம் பிழைக்கும்படி கட்டியிருந்தார்கள். போலந்திலும் உற்பத்தி தொடர்ந்தது. நல்ல வடிவமைப்பின் இந்தப் பலனைத் தாக்குதல் செய்திகளின் பரபரப்பில் யாரும் சொல்வதில்லை.

அரசுகளுக்குப் பிடித்தமான தீர்வு நாட்டைப் பார்ப்பது. 2024 நவம்பரில் லிதுவேனியா, 100 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சூரிய, காற்றாலை, சேமிப்பு நிலையங்களுக்குச் சீன உற்பத்தியாளர்கள் தொலைவிலிருந்து நுழைவதைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. அதே மாதம் அமெரிக்காவில் டேய் என்ற சீன நிறுவனத்தின் இன்வர்ட்டர்கள் சில, இந்த நாட்டில் பயன்படுத்த அனுமதி இல்லை என்ற அறிவிப்பைத் திரையில் காட்டி முடங்கின. விற்பனை உரிமைச் சண்டைதான் பின்னணி. ஆனாலும் ஓர் உற்பத்தியாளர் கடல் கடந்து சாதனத்தை நிறுத்த முடியும் என்பது ஊகம் என்ற நிலையைக் கடந்துவிட்டது. ஆகவே இந்தக் கவலையை வெறும் அரசியல் என்று தள்ள நான் தயாரில்லை. அது போதுமானது என்றும் ஏற்கமாட்டேன். 2025-இல் ஃபோர்ஸ்கவுட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சூரிய மின்சாதனங்களில் கண்டுபிடித்த 46 ஓட்டைகளின் பட்டியலில் இரண்டு சீன நிறுவனங்களோடு ஒரு ஜெர்மன் நிறுவனமும் இருந்தது. ஜப்பானில் 2024-இல், சுமார் 800 சூரிய நிலையக் கண்காணிப்புப் பெட்டிகளை வங்கிக் கொள்ளைக்குத் திரையாகப் பயன்படுத்தினார்கள்; பெட்டிகள் ஜப்பானியத் தயாரிப்பு, மாதக்கணக்கில் அடைக்காமல் விட்ட பழைய ஓட்டை. உத்தரப் பிரதேசத்தின் தவறான கட்டளையை எந்த வெளிநாடும் அனுப்பவில்லை. சர்வர் எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்தச் சர்வரில் உட்கார்ந்திருப்பவர் எத்தனை கூரைகளை ஒரே நொடியில் தொடலாம் என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு விடை சொல்லிவிட்டு இரண்டாவதையும் முடித்துவிட்டதாக நினைப்பதுதான் இப்போதைய பிழை.

நிர்வாகியைச் சட்டத்திலேயே அடையாளம் காட்டிய நாடு ஜெர்மனி. 2016 சட்டப்படி ஸ்மார்ட் மீட்டர் கேட்வேக்கு ஒரு ‘கேட்வே நிர்வாகி’ உண்டு. தகுதி, தணிக்கை, பொறுப்பு எல்லாம் எழுத்தில். பெட்டியே அரசுப் பாதுகாப்பு முகமையின் சான்று பெற வேண்டும். விளைவு ஆமை வேகம். முதல் சான்று 2018 டிசம்பரில்தான் வந்தது. 2021-இல் ஒரு நீதிமன்றம் கட்டாயப் பொருத்துதலை நிறுத்திவைத்தது. 2023-இல் புதுச் சட்டம் போட்டு மறுபடி தொடங்கினார்கள். இதற்கிடையே இன்வர்ட்டர் நிறுவனங்களின் சொந்த மேகத் தொடர்பு பக்கவாசல் வழியாகத் தன்பாட்டுக்கு வளர்ந்தது. முன்வாசலில் எஃகுக் கதவு, பக்கவாசலில் டாங்கிள். கண்டிப்பு தேவைதான், ஆனால் எல்லா வழிகளையும் சேர்த்துக் கட்டாத கண்டிப்பு செலவை மட்டும் கூட்டும். அதே ஜெர்மனி 2024 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய வேறொரு விதியை நான் அதிகம் மதிக்கிறேன். நெரிசல் நேரத்தில் புதிய வெப்ப பம்புகளையும் கார் சார்ஜர்களையும் விநியோக நிறுவனம் 4.2 கிலோவாட் வரை குறைக்கலாம். அதற்குக் கீழே குறைக்கவோ முழுசாக அணைக்கவோ உரிமை இல்லை. கட்டளைக்கு ஒரு தரை வைத்தாயிற்று. இந்தத் தரை சட்டத்தில் மட்டும் அல்லாமல் சாதனத்துக்குள்ளும் இருக்கும்படி செய்தால், சாவியைத் திருடியவனுக்கும் 4.2-க்குக் கீழே வழி இல்லை.

இதோடு சேர வேண்டிய இன்னொன்றை பிரிட்டன் செய்து காட்டியிருக்கிறது. 2022 ஜூன் இறுதி முதல் அங்கே விற்கும் கார் சார்ஜர்கள், கட்டளை வந்ததும் பத்து நிமிடம் வரை தற்செயலான ஒரு தாமதத்துக்குப் பிறகே இயங்கத் தொடங்கவோ நிற்கவோ வேண்டும். மலிவு மின்கட்டணம் தொடங்கும் நொடியில் லட்சம் கார்கள் ஒன்றாக மின்சாரத்தை உறிஞ்சினால் தொகுப்பு தடுமாறும் என்பதற்காக வந்த விதி இது. ஒரே வரி நிரல். கூடுதல் வன்பொருள் வேண்டாம். ஆனால் அவசரத்தில் வேகம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், அந்த வேகம் மேகத்திடமிருந்து வரக் கூடாது. அதிர்வெண் ஏறுவதைச் சாதனம் தானே அளந்து, தானே படிப்படியாகக் குறைய முடியும். 50.2 ஹெர்ட்ஸ் சிக்கலை ஜெர்மனி தீர்த்த விதமே அதுதான்: எல்லோரும் ஒரே கோட்டில் விழாமல், வெவ்வேறு இடங்களில் மெல்ல விலகும்படி பரப்பினார்கள். தாக்குபவன் ஃபர்ம்வேரையே மாற்றி இந்த வரம்புகளை நீக்கிவிட மாட்டானா என்பது இன்னும் கூர்மையான ஆட்சேபம். நீக்கலாம். அதனால்தான் வரம்பு டாங்கிளில் மட்டும் இல்லாமல் இன்வர்ட்டரின் சொந்தக் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும், ஃபர்ம்வேர் அலை அலையாகத்தான் போக வேண்டும், குறித்த எண்ணிக்கைக்கு மேற்பட்ட சாதனங்களுக்கான எந்தக் கட்டளைக்கும் இருவர் ஒப்புதல் வேண்டும். இவை தாக்குதலைச் சாத்தியமற்றதாக்கா. ஒரு நிமிடத்தில் முடியும் சேதத்தை ஒரு வாரத்துக்கு இழுத்தடிக்கும். அந்த ஒரு வாரத்தில் யாராவது கவனிப்பார்கள்.

இந்தியாவில் இந்தக் கேள்வி இப்போது கையில் இருக்கிறது. 2024-இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் இலக்கு 1 கோடி வீடுகள், ஒதுக்கீடு ₹75,021 கோடி. 3 கிலோவாட்டுக்கு ₹78,000 மானியம். சராசரி 3 கிலோவாட் என்று கொண்டால் 30,000 மெகாவாட். 2024 மே மாத இறுதியில் நாட்டின் உச்சத் தேவை 250 கிகாவாட்டைத் தொட்டது. அதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குக்கு ஈடான திறன் கூரைகளில் இருக்கப் போகிறது. 2025-இல் மத்திய அமைச்சகம், இந்தத் திட்டத்தின் இன்வர்ட்டர் தரவு இந்தியாவில் உள்ள சர்வர்களுக்கு நேரடியாகப் போக வேண்டும், இயந்திரத் தொடர்புக்கான சிம் வழியாகப் போக வேண்டும் என்று வழிகாட்டியது. வீட்டு வைஃபையை நம்பாமல் சிம்முக்கு மாறுவது தொடர்பு அறுபடும் தொல்லையைக் குறைக்கும். தரவு உள்நாட்டில் இருப்பதும் நல்லதே. ஆனால் 1 கோடி கூரைகளின் பாதை ஒரே தேசியத் தளத்தில் குவியும்போது, அந்தத் தளமே நான் முதலில் கேட்ட கேள்விக்கு உட்பட்டதாகிவிடுகிறது. அது வாசிக்க மட்டும் செய்யுமா, எழுதவும் செய்யுமா? எழுதுமென்றால் எந்த அதிகாரி, ஒரு நேரத்தில் எத்தனை வீட்டுக்கு? இவை டெண்டர் ஆவணத்தில் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் விதிகள்.

நிறுவனம் மூடினால் என்ன என்பதும் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் சன்பவர் 2024 ஆகஸ்டில் திவால் மனு கொடுத்தபோது, அதன் கேட்வேயை வீட்டில் வைத்திருந்தவர்கள் தங்கள் செயலி நாளை இயங்குமா என்று தெரியாமல் நின்றார்கள். கண்காணிப்பு வேறு நிறுவனத்தின் கைக்குப் போனது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணைய மீள்திறன் சட்டம் (சைபர் ரெசிலியன்ஸ் ஆக்ட்) 2027 டிசம்பர் 11 முதல் முழுமையாக நடைமுறைக்கு வரும். பொருளின் ஆயுளை ஒட்டி, பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் தர வேண்டும் என்கிறது அது. 25 வருடம் உழைக்கும் கூரைக்கு 5 வருடக் குறைந்தபட்சம் மிகவும் சிறியது. மீதி இருபதுக்கு இரண்டே வழிகள் எனக்குத் தெரிகின்றன. ஆதரவு முடிந்த நாளில் உள்ளூர் இணைப்பின் முழு உரிமையையும் கடவுச்சாவிகளையும் வீட்டுக்காரரிடம் ஒப்படைப்பது ஒன்று. அமெரிக்கத் தரநிலை ஐஇஇஇ 1547, 2018 பதிப்பிலேயே இத்தகைய சாதனங்களுக்குத் திறந்த நெறிமுறையில் ஓர் உள்ளூர் இணைப்பைக் கட்டாயமாக்கியிருப்பதால் இது நடக்காத காரியம் இல்லை. மின் விநியோகக் கழகம் கேட்வேயைத் தன் சொத்தாக ஏற்று, மீட்டரைப் போலவே பராமரிப்பது மற்றொன்று. கழகங்களின் நிதி நிலையைப் பார்த்தால் இரண்டாவது எளிதில் நடக்காது; முதலாவதற்குக் காசு தேவையில்லை, மானியப் படிவத்தில் ஒரு நிபந்தனை போதும், அதுவும் அடுத்த தொகுதி இன்வர்ட்டர்கள் வாங்கப்படுவதற்கு முன்பே சேர்க்கப்பட வேண்டும்.